நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகத் தேடக் கற்பித்தல்: பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கணினியில் தட்டினால் புத்தகம் இருக்கும் இடம் தெரிந்துவிடுகிறதே, அடுக்குமுறையை மாணவர்களுக்கு ஏன் கற்பிக்க வேண்டும்?

தேடுபவருக்கு நூலின் தலைப்போ ஆசிரியர் பெயரோ முன்பே தெரிந்திருந்தால் கணினி போதும். பள்ளி மாணவர் பெரும்பாலும் அப்படி வருவதில்லை, "வவ்வாலைப் பற்றி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார். அவர் "வவ்வால்" என்று தட்டினால், பட்டியலில் "வௌவால்" என்று பதிந்திருக்கும் நூல் கிடைக்காது. தலைப்பில் அந்தச் சொல்லே இல்லாமல், பாலூட்டிகளைப் பற்றிப் பொதுவாகப் பேசி நாற்பது பக்கங்களை வவ்வாலுக்கு ஒதுக்கியிருக்கும் நூலும் கிடைக்காது. பொருள்வாரியாக அடுக்கிய அலமாரியின் முன் நிற்பவருக்கோ, தேடி வந்த நூலோடு, இப்படி ஒன்று இருக்கிறது என்றே அறிந்திராத அதன் அண்டை நூல்களும் கண்ணில் படும். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தானாக ஒரு நூலைக் கண்டெடுப்பது பெரும்பாலும் இந்த அண்டை அடுக்கில்தான் என்பது என் அனுபவம்.

எங்கள் பள்ளியில் புத்தகங்கள் இருப்புப் பதிவேட்டு எண்ணின்படி அடுக்கப்பட்டுள்ளன. தணிக்கைக்கு அதுதானே வசதி?

தணிக்கைக்கு வசதிதான், படிப்பவருக்கு அதனால் பயனில்லை. இருப்பு எண் ஒரு நூல் பள்ளிக்குள் எப்போது வந்தது என்பதை மட்டும் சொல்கிறது. ஒரே நாளில் ஒரே பெட்டியில் வந்த காரணத்தால் சமையல் நூலும் விண்வெளி நூலும் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பதிவேட்டில் இருப்பு எண் அப்படியே இருக்கட்டும், நூலின் உள்பக்கத்திலும் எழுதப்பட்டிருக்கட்டும். முதுகில் ஒட்டும் சீட்டில், நூலின் பொருளைக் குறிக்கும் பகுப்பெண் வரட்டும். தணிக்கைக்கு வருபவர் பதிவேட்டைப் பார்த்து நூலைக் கேட்டால், பகுப்பெண்ணைக் கொண்டு அதை எடுத்துக் கொடுக்கும்படி பதிவேட்டிலேயே ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டால் இரண்டு தேவைகளும் நிறைவேறும்.

டூயி தசமப் பகுப்பு என்பது சுருக்கமாக என்ன?

அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி நூலகத்தில் பணியாற்றிய மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட முறை அது. முதற்பதிப்பு வெறும் 44 பக்கங்களைக் கொண்டிருந்தது. தலைப்புப் பக்கத்தில் அவர் பெயர்கூட அச்சிடப்படவில்லை. அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகவும், அவற்றையும் மீண்டும் பத்தாகவும் பிரித்துக்கொண்டே போவது அதன் அடிப்படை. 000 பொதுவும் கணினியும், 100 மெய்யியலும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 தொழில்நுட்பம், 700 கலையும் விளையாட்டும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். 500இல் விலங்குகளுக்கு 590, அதில் பாலூட்டிகளுக்கு 599, அதற்குள் யானைக்கு 599.67 என்று எண் நீள நீளப் பொருள் குறுகுகிறது.

இதை மாணவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

அட்டவணையிலிருந்து தொடங்கினால் முதல் பத்து நிமிடங்களிலேயே வகுப்பு தூங்கிவிடும். எண்ணுக்குள் எண் அடங்கும் ஏற்பாடு மாணவர்களுக்கு முன்பே பழக்கமானது என்பதை அவர்களுக்கு உணர்த்துவதே சரியான தொடக்கம். அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்ளலாம். 6 என்று தொடங்கினால் தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவை அடங்கிய தென்பகுதி. 625 என்றால் மதுரை, தேனிப் பக்கம். கடைசி மூன்று இலக்கங்கள் குறிப்பிட்ட அஞ்சலகத்தைச் சொல்லும். தங்கள் ஊரின் எண்ணை ஒவ்வோர் இலக்கமாக மறைத்துக் காட்டி, "இப்போது கடிதம் எவ்வளவு தூரம் வரை சரியாக வந்து சேரும்?" என்று கேட்டால் ஆறாம் வகுப்பு மாணவரே விளக்கிவிடுவார்.

அடுத்த படியாகத் திருக்குறளைக் கையில் கொடுக்கலாம். பால், அதிகாரம், குறள் என்ற படிநிலையில் 133 அதிகாரங்களும் 1330 குறள்களும் அமைந்திருப்பதால், "1033ஆம் குறள் எதைப் பற்றியது?" என்று கேட்டால், குறள் தெரியாதவரும் அது 104ஆம் அதிகாரமாகிய உழவில், பொருட்பாலில் இருக்கிறது என்று கணக்கிட்டுச் சொல்ல முடியும். எண்ணைக் கண்டதும் பொருளை ஊகிக்கும் இந்தப் பயிற்சியைப் பெற்ற பின்னரே அலமாரிக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அஞ்சல் எண்ணுக்கு ஆறு இலக்கங்களே உண்டு. டூயியின் எண்ணோ புள்ளிக்குப் பின் வேண்டிய மட்டும் நீளும். புதிய பொருள் ஒன்று தோன்றினால், ஏற்கெனவே இருப்பவற்றை நகர்த்தாமல் இரண்டு எண்களுக்கு நடுவே அதைச் செருகலாம்.

பத்துப் பெரும்பிரிவுகளையும் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். அலமாரியின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

599.8 என்பதை 599.67க்கு முன்னால் மாணவர்கள் வைத்துவிடுகிறார்கள். எப்படித் திருத்துவது?

மாணவர்கள் மிகுதியாகச் செய்யும் தவறு இதுவே. கவனக்குறைவு என்று இதைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை. புள்ளிக்குப் பின்னுள்ளதை "அறுபத்தேழு", "எட்டு" என்று முழு எண்ணாகப் படிக்கும் வரை, எட்டு சிறியது, ஆகவே முன்னால் வர வேண்டும் என்றே மாணவருக்குத் தோன்றும். ஆகவே முதலில் வாசிக்கும் முறையை மாற்ற வேண்டும். "ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது, புள்ளி, ஆறு, ஏழு" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் செய்யுங்கள். பின்னர் சொற்களை அகராதியில் வரிசைப்படுத்துவது போல, இடமிருந்து வலமாக ஒவ்வோர் இலக்கத்தையும் ஒப்பிடச் சொல்லுங்கள். ஆறு எட்டுக்கு முன்னால் வருகிறது. அங்கேயே முடிவு தெரிந்துவிடுவதால், அடுத்த இலக்கத்தைப் பார்க்கத் தேவையில்லை. கணக்கு வகுப்பில் தசமம் இன்னும் வராத மாணவருக்கும் அகராதி ஒப்புமை புரியும்.

எண்களை அட்டையில் எழுதி மாணவர்களின் கழுத்தில் மாட்டி வரிசையில் நிற்கச் சொல்லும் விளையாட்டும் உதவும். வவ்வாலுக்கு 599.4, திமிங்கிலத்துக்கு 599.5, யானைக்கு 599.67, புலிக்கு 599.756, குரங்குக்கு 599.8 என்று எண்ணோடு விலங்கின் பெயரையும் எழுதிக் கொடுத்தால், வவ்வால் 598இல் உள்ள பறவைகளோடும், திமிங்கிலம் 597இல் உள்ள மீன்களோடும் சேராமல் இங்கே ஏன் வந்து நிற்கின்றன என்ற கேள்வியை அவர்களே எழுப்புவார்கள். அறிவியல் ஆசிரியர் அப்போது பக்கத்தில் இருப்பது நல்லது.

இன்னொரு சிறு தடுமாற்றமும் உண்டு. வரிசை ஓர் அலமாரியின் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டு வரை இறங்கி, அதன் பின்னரே அடுத்த அலமாரிக்குப் போகிறது. மாணவர்கள் மேல் தட்டிலேயே சுவரின் கோடி வரை நடந்துவிடுகிறார்கள். அலமாரியை நாளிதழின் பத்தியாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

ஒரே பொருளைப் பற்றிய நூல்கள் ஏன் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன?

பாடத்தின் உயிர்நாடி இந்தக் கேள்வியில் இருக்கிறது. இதற்காக ஒரு முழு நூலக வேளையை ஒதுக்கத் தயங்க வேண்டாம். டூயி முறை பொருள்களை நேரடியாக அடுக்குவதில்லை; ஒரு பொருளை எந்தத் துறையின் கண்கொண்டு பார்க்கிறோம் என்பதை அடுக்குகிறது. தேனீயை ஓர் உயிரினமாக ஆராயும் நூல் 595.799இல் பூச்சிகளோடு நிற்கும். தேனீ வளர்த்துத் தேன் எடுப்பதைச் சொல்லும் நூல் 638.1இல் வேளாண்மைக்குப் பக்கத்தில் நிற்கும். நெல் சாகுபடி 633.18, அரிசிச் சோற்று வகைகள் 641.6318, நெல் கொள்முதல், விலை, சந்தை பற்றிப் பேசும் நூல் 338இல் பொருளியலோடு, நெல்லைப் பற்றிய நாட்டார் கதை 398.2இல். இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் நெல்லைத் தேடுபவருக்கு வசதியாக இருக்கும். ஆனால் கரும்பு, சோளம், நெல் என்று பயிர்களை ஒப்பிட்டுப் படிக்க விரும்பும் உழவருக்கு எல்லாம் சிதறிப்போகும். எந்த அடுக்குமுறையும் ஒருவருக்கு ஒன்றைச் சேர்க்கும்போது இன்னொருவருக்கு வேறொன்றைப் பிரித்தே தீரும்.

ஆகவே மாணவரை "உனக்கு என்ன பொருள் வேண்டும்?" என்று மட்டும் கேட்காமல், "அதைப் பற்றி என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?" என்றும் கேட்கப் பழகுங்கள். "மழை" என்று வரும் மாணவர் வானிலையை அறிய விரும்பினால் 551.5க்குப் போக வேண்டும், மழைக் கவிதை வேண்டுமென்றால் 800களுக்குப் போக வேண்டும். தன் கேள்வியைத் தானே கூர்மையாக்கிக்கொள்ளும் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், எண்கள் மறந்துபோனாலும் நான் கவலைப்படுவதில்லை.

தமிழ்ச் சிறுகதை நூலுக்கு மட்டும் 894.8113 என்று இவ்வளவு நீளமான எண் ஏன்?

அந்த முறை எங்கே, யாருடைய நூல்களை அடுக்க உருவானதோ அதன் தடம் அதில் பதிந்திருக்கிறது. இலக்கியத்துக்குரிய நூறு எண்களில் அமெரிக்க இலக்கியத்துக்கு 810, ஆங்கில இலக்கியத்துக்கு 820, பிறகு ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம், இலத்தீன், கிரேக்கம் என்று 880கள் வரை ஐரோப்பாவுக்கே போய்விடுகின்றன. உலகின் மற்ற மொழிகள் அனைத்தும் 890களில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 894இல் துருக்கி மொழிக்கும் பின்னிய மொழிக்கும் அங்கேரிய மொழிக்கும் பக்கத்தில் திராவிட மொழிகளுக்கு ஓர் இடம் கிடைக்க, அதற்குள் தமிழ் இலக்கியம் 894.811 ஆகிறது. கடைசியாகச் சேரும் 1 கவிதையையும், 2 நாடகத்தையும், 3 புனைகதையையும் குறிக்கும். சமயத்திலும் இதே கதைதான்: 220 முதல் 289 வரை கிறித்தவம், மற்றவை எல்லாம் 290களில், பௌத்தம் 294.3, சமணம் 294.4, இந்து சமயம் 294.5, இசுலாம் 297.

மாணவர்களிடம் இதை மறைக்கவோ மழுப்பவோ தேவையில்லை. உயர்நிலை வகுப்புகளில் இதையே ஒரு விவாதப் பொருளாக வைக்கலாம். அட்டவணை என்பது இயற்கை விதி போன்றதன்று, மனிதர்கள் ஒரு காலத்தில் ஓர் இடத்தில் இருந்துகொண்டு எடுத்த முடிவு என்பதை இதைவிட எளிதாக விளக்க முடியாது.

நடைமுறைக்கு ஒரு தீர்வு உண்டு. தத்தம் மொழி இலக்கியத்துக்கு முன்னிடமும் குறுகிய எண்ணும் தர விரும்பும் நூலகங்கள் எழுத்தையோ வேறு குறியையோ பயன்படுத்திக்கொள்ள டூயி முறையே வழிவிடுகிறது. பாதிக்கு மேல் தமிழ்க் கதைகளாக உள்ள பள்ளி நூலகத்தில் அத்தனை நூல்களின் முதுகிலும் ஏழு இலக்கங்களை எழுதுவது வீண் வேலை. "த" என்று எழுதி, அதன்பின் 1, 2, 3 என்று கவிதை, நாடகம், கதைக்குக் குறியிட்டு, அந்த விதியை எல்லாரும் படிக்கும்படி சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ஒரே எண்ணில் ஐம்பது நூல்கள் இருந்தால் அவற்றை எப்படி வரிசைப்படுத்துவது?

ஆசிரியர் பெயரின் அகரவரிசையில். பகுப்பெண்ணுக்குக் கீழே பெயரின் முதல் எழுத்துகளைச் சீட்டில் எழுதுவது வழக்கம். சொல்வது எளிது, தமிழில் செய்வதில் சில சிக்கல்கள் எழுகின்றன. மேல்நாட்டு வழக்கம் குடும்பப் பெயரை முன்னே கொண்டுவருவது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னெழுத்துகளே உண்டு. உ. வே. சாமிநாதையரை உகரத்தில் தேடுபவருக்கு அவர் கிடைக்க மாட்டார். அவர் "சா"வில் இருக்க வேண்டும். கல்கியைக் ககரத்தில் வைப்பதா, அவருடைய இயற்பெயரான கிருஷ்ணமூர்த்தியின் கீழ் வைப்பதா என்றால், அட்டையில் அச்சாகியுள்ள பெயரையே பின்பற்றுவது மாணவர்களுக்கு நல்லது. ஒரே பெயரை ரங்கநாதன், அரங்கநாதன், இரங்கநாதன் என்று மூன்று பதிப்பகங்கள் மூன்று விதமாக அச்சிட்டிருந்தால், ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டு இடங்களிலும் "இங்கே பார்க்க" என்று ஓர் அட்டை செருகிவையுங்கள்.

பட்டியலைக் கணினியில் தயாரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எழுத்துகளின் ஒருங்குறி எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருள்களில், ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவிலும், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்துவிடும். நம் நெடுங்கணக்கில் றகரமும் னகரமும் கடைசி இரண்டு மெய்கள். வடவெழுத்துகள் அவற்றுக்கும் பின்னர். அலமாரி ஒரு வரிசையிலும் அச்சிட்ட பட்டியல் வேறு வரிசையிலும் இருந்தால் மாணவர் தன்மேல்தான் பிழை என்று நினைத்துக்கொள்வார்.

சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்பு முறையைப் பள்ளியில் கற்பிக்கலாமா?

அலமாரியில் பயன்படுத்த வேண்டாம். வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். பயிற்சிக்காக அவ்வாண்டே லண்டன் சென்றவர், அங்குள்ள பெரிய கடை ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். சில உலோகப் பட்டைகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் வெவ்வேறு பொம்மைகள் உருவாவதைப் பார்த்து, ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே எண் எழுதிவைப்பதற்குப் பதில், சிறு சிறு கூறுகளைத் தயாராக வைத்துக்கொண்டு வேண்டியபோது பூட்டிக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. கூறுகளை இணைக்கும் திருகாக, ஆங்கிலத்தில் கோலன் எனப்படும் முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் 1933இல் நூலாக வெளிவந்த அம்முறைக்கு அப்பெயர் வந்தது.

எந்தப் பொருளையும் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கோணங்களில் பிரித்துப் பார்க்கச் சொன்னார் அவர். இந்த ஐந்தையும் பத்தாம் வகுப்பு மாணவர் புரிந்துகொள்ள அதிக நேரம் ஆகாது. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று அகப்பொருள் இலக்கணத்தில் படித்தவருக்கு, ஒரு செய்தியின் இடத்தையும் காலத்தையும் தனியே பிரித்தெடுப்பது புதிதாகத் தோன்றாது. அன்றைய நாளிதழிலிருந்து ஒரு தலைப்புச் செய்தியை எடுத்து, எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன நடந்தது, எங்கே, எப்போது என்று பிரிக்கச் சொல்வது நல்ல பயிற்சி. கட்டுரை எழுதுவதற்கும் இது உதவுகிறது என்று தமிழாசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அலமாரிக்கு அம்முறையை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் எளியது: எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறிகளும் கலந்த அதன் குறியீட்டைப் பன்னிரண்டு வயது மாணவர் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த அலமாரி வரை நடப்பது கடினம். ரங்கநாதனின் பிறந்த நாளையொட்டி ஆகஸ்டு 12இல் தேசிய நூலகர் நாள் கொண்டாடப்படுகிறது. மேற்சொன்ன பயிற்சிக்கு அந்த வாரம் பொருத்தமானது.

படித்த நூலை மாணவர்களே அலமாரியில் திருப்பி வைக்கலாமா?

தொடக்கத்தில் வேண்டாம். தவறான இடத்தில் இருக்கும் நூல், இல்லாத நூலுக்குச் சமம். மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வாரத்துக்கு நான்கு மாணவர்களைப் பொறுப்பாக்கி அவர்களை அடுக்கச் செய்து, நீங்கள் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். நூலை எடுத்த இடத்தில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிவைக்கும் பழக்கம் சிறுவர்களுக்குப் பிடித்திருக்கிறது.

எங்கள் பள்ளியில் நூலகர் இல்லை. இரண்டு இரும்பு அலமாரிகளும் முந்நூறு புத்தகங்களும்தான் உள்ளன. இதெல்லாம் தேவையா?

முந்நூறு நூல்களுக்குப் புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்கள் தேவையில்லை. பத்துப் பெரும்பிரிவுகளுக்குப் பத்து நிறத் தாள்களை ஒட்டினால் தொடக்கநிலை மாணவர்களுக்கு அது போதும். ஆனால் நிறத்தோடு 500, 900 என்ற எண்ணையும் எழுதிவையுங்கள். பின்னாளில் மாவட்ட நூலகத்துக்கோ கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கோ போகும்போது நிறம் உதவாது, எண் உதவும்.

தமிழ்ச் சிறுவர் நூல்களில் பல பதினாறு, முப்பத்திரண்டு பக்கங்களில் கம்பி தைத்து வருவதால் அவற்றுக்கு முதுகே கிடையாது. அவற்றுக்கு முன்னட்டையின் இடது கீழ் மூலையில் சீட்டு ஒட்டி, அட்டை முன்னால் தெரியும்படி கூடையில் நிறுத்திவைப்பது நல்லது. அலமாரியில் இறுக்கிச் செருகினால் அவை ஒரு பருவம்கூடத் தாங்காது. அலமாரியைப் பூட்டிவைத்துவிட்டுச் சாவியைத் தலைமையாசிரியர் அறையில் மாட்டிவைக்கும் பள்ளிக்கு எந்தப் பகுப்பு முறையும் உதவப்போவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மாணவர்கள் உண்மையில் கற்றுக்கொண்டார்களா என்பதை எப்படிச் சோதிப்பது?

"500 எதைக் குறிக்கும்?" என்ற வகைக் கேள்வித்தாள் நினைவாற்றலை மட்டுமே சோதிக்கும். சீட்டு ஒட்டாத ஒரு நூலை மேசைமேல் வைத்து, அதற்கு இடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பனைமரத்தைப் பற்றிய நூல் இதற்கு மிகவும் ஏற்றது. தாவரமாகப் பார்த்தால் 580கள், பயிராகப் பார்த்தால் 630கள், ஓலை முடைவதைச் சொன்னால் 740கள், பனையோடு பின்னிய வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் சொன்னால் 390கள். வகுப்பை நான்கு குழுவாக்கி, பொருளடக்கத்தையும் முன்னுரையையும் படித்துவிட்டு ஒவ்வொரு குழுவும் தன் இடத்துக்காக வாதாடட்டும். எந்தக் கோணத்துக்கு அந்த நூல் மிகுதியான பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது என்று அவர்களில் ஒருவர் எண்ணத் தொடங்கினால் பாடம் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முடிவு எதுவானாலும், காரணத்தோடு அதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்; அடுத்த ஆண்டு இன்னொரு பனை நூல் வரும்போது, அப்போதைய வகுப்பு அதே இடத்தில் அதை வைப்பதற்கு அந்தக் குறிப்பேடு தேவைப்படும்.